சொன்ன நேரத்துக்கு வந்தவள்

அன்புள்ள பிரபு,

போன வாரம் நீ போனில் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. "அந்தச் செல்வி இப்ப எங்கம்மா இருக்கா? கண்டுபிடிச்சு எனக்குப் போன் பண்ணச் சொல்லு" என்றாய். உன் ஆல்பத்தில் இருக்கும் திராட்சைத் தோட்டத்துப் படத்தை உன் முதலாளி ரொம்ப நேரம் பார்த்தாராம். ஒரு நகைக்கடை விளம்பரத்துக்கு இப்படி ஒரு முகத்தைத்தான் தேடிக்கொண்டிருக்கிறாராம். நீ சென்னைக்குப் போன இந்த ஒரு வருஷத்தில் உன் குரல் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் கேட்டதில்லை. பிறகு நீயாகவே சொன்னாய்: "இங்க இருக்கிற மாடல்களை நம்ப முடியலைம்மா. ஆறு மணிக்கு வான்னா ஒன்பது மணிக்கு வருவாங்க. சில பேரு வரவே மாட்டாங்க, போனை அணைச்சுப் போட்டுருவாங்க. நாங்க லைட்டைப் போட்டுட்டுக் காத்துக்கிட்டே இருக்கணும். செல்வி அப்படி இல்லம்மா. சொன்ன நேரத்துக்கு வந்துருவா." நான் "பாக்குறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். பார்த்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் சங்கடமான பேச்சு வந்தால் "சரிம்மா சரிம்மா, அப்புறம் கூப்பிடுறேன்" என்று முடித்துவிடுவது உன் பழக்கம். கடிதத்தை அப்படி முடிக்க முடியாது. மடித்து வைக்கலாம், அது அங்கேயேதான் இருக்கும். உன் அறையில் கேமராவோடு அலையும் பையன்கள் வேறு இருக்கிறார்கள் என்றாயே, படித்துவிட்டு அவர்களுக்கும் கொடு. அவர்களுடைய அம்மாக்களுக்கு இப்படி ஒன்றை எழுதும் அவசியம் வராமல் இருக்கட்டும்.

உனக்கு நினைவு தெரிந்த நாளில் இருந்து கம்பத்தில் நம் ஸ்டுடியோதான் நமக்கு வீடு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், படம் எடுக்கும் அறையில் பிளாஸ்டிக் ரோஜாத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாய். நான் பி.ஏ. முடித்த கையோடு கல்யாணமாகி, உன் அப்பாவின் கவுண்டருக்கு வந்து சேர்ந்தவள். மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்டப் போட்டோ எடுக்க வரும் பிள்ளைகளுக்குச் சேலை மடிப்பு வைத்துவிடுவதும், மூக்கு நுனியில் மினுங்கும் எண்ணெயை ஒற்றி எடுப்பதும் என் வேலை. உன் அப்பாவிடம் ஒரு நல்ல முறை இருந்தது. எந்தப் பெண்ணை வெளியிடத்தில் வைத்துப் படம் எடுத்தாலும் நான் கூடப் போக வேண்டும். சுருளி அருவியானாலும் வைகை அணையானாலும் நான் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவேன். அதில் சீப்பு, ஊசி, துண்டு, தண்ணீர் பாட்டில், ஒரு பழைய போர்வை. சேலை மாற்ற மறைவில்லாத இடத்தில் அந்தப் போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அந்தப் போர்வையை நம்பித்தான் சுற்றுவட்டாரத்து அம்மாக்கள் பிள்ளைகளை நம்மிடம் அனுப்பினார்கள். உன் அப்பா வைத்திருந்த லென்ஸைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்?

கெட்ட முறையும் ஒன்று இருந்தது. முகூர்த்த நாளில் பெரிய இடத்துக் கல்யாணம் வந்துவிட்டால், முன்னாலேயே ஒத்துக்கொண்ட சின்ன ஆர்டரைத் தள்ளிவிடுவோம். ஜெயமங்கலத்துக்காரர் ஒருத்தர் தன் மகள் பூப்புச் சடங்குக்கு நம்மைச் சொல்லி வைத்திருந்தார். அன்றைக்கே கல்யாணம் ஒன்று வந்தது. உன் அப்பா அங்கே போய்விட்டு, சடங்கு வீட்டுக்கு அரைகுறையாகப் பழகிய ஓர் ஆளை அனுப்பினார். பிலிம் சரியாக மாட்டிக்கொள்ளவில்லை. ஒரு படம்கூட விழவில்லை. அந்த மனுஷர் வந்து கவுண்டரில் நின்றார். திட்டவில்லை. "எம்புள்ள இன்னொருக்கா சடங்காவாளாய்யா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது உன் அப்பா அவரைப் போலவே பேசிக் காட்ட, நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். உனக்குப் பத்து வயது இருக்கும். எங்களைப் பார்த்து நீயும் சிரித்தாய். இப்போது அடிக்கடி எனக்கு அந்தச் சாப்பாடு நினைவுக்கு வருகிறது.

செல்வி நம்மிடம் வந்தது துணிக்கடை வழியாக. அந்தக் கடையில் சேலை எடுத்துக் காட்டும் பெண். தீபாவளிக்கு வாசலில் வைக்கும் ஃப்ளெக்ஸ் போர்டுக்கு வெளியூரில் இருந்து ஆள் கூப்பிட்டால் கட்டாது என்று, கடைப் பிள்ளைகளையே சேலை கட்டி நிறுத்தி எடுக்கச் சொன்னார்கள். மற்றப் பிள்ளைகள் எல்லாம் சிரித்து முகத்தை மூடிக்கொண்டபோது அவள் ஒருத்திதான் உன்னைக் கேட்டாள், "எங்கிட்டு பாக்கணும்ணே? கேமராக் கண்ணாடியையா, அதுக்கு மேலயா?" என்று. நீ அப்போது மதுரையில் படிப்பை முடித்துவிட்டு, சென்னையில் காட்ட ஒரு நல்ல ஆல்பம் வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தாய். உனக்கு அவள் முகம் வேண்டியிருந்தது. அவளுக்கும் ஒன்று வேண்டியிருந்தது என்பதை நீ யோசித்தாயா தெரியவில்லை. "போர்டுல என்னையப் பாத்துட்டு ஒரு அக்கா, அதே சேலைதான் வேணும்னு கேட்டு வாங்கிட்டுப் போனாகம்மா" என்று என்னிடம் வந்து சொன்னாள். தன் அழகைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. செய்த வேலை பலித்தது என்று சொன்னாள்.

அப்பா இல்லாத பிள்ளை. அம்மா சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவள். அண்ணன் ராசு, குமுளிக்கு மேலே ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுகிறான். அவன் சம்மதித்தால்தான் அந்த வீட்டில் எதுவும் நடக்கும். நீயும் நானும் போய்க் கேட்டபோது செல்வியின் அம்மா உன்னைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினாள். "யக்கா, இந்தத் தம்பிய எனக்குத் தெரியாது. ஒங்களத் தெரியும். நீங்க கூட இருக்கீகன்னா அனுப்புறேன்." நான் "என் பொறுப்பு" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் அவளுக்கு நாம் கொடுத்த ஒப்பந்தம். நீ இப்போது சென்னையில் கையெழுத்து வாங்குகிறாயே காகிதங்களில், அதுபோல எதுவும் இல்லை.

திராட்சைத் தோட்டத்தில் எடுத்த நாள் உனக்கு எப்படி நினைவிருக்கிறதோ, எனக்கு இப்படித்தான் இருக்கிறது. விடிகிற வெளிச்சம் வேண்டும், ஆறு மணிக்கு எல்லோரும் பந்தலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்றாய். நான் முதல் பஸ்ஸில் போய் இறங்கியபோது அவள் தலை பின்னி, பூ வைத்து, சேலை நுனி மண்ணில் படாமல் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றாள். குலை வெட்ட வந்த பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். "ஏத்தா, சினிமாவுக்குப் போறியா? எங்களையும் கூட்டிப் போ, பின்னால நின்னு கும்மியாவது கொட்டுறோம்" என்றாள் உடம்பு பருத்த ஒருத்தி. "இவ பின்னால நின்னா படத்துல திராட்ச தெரியாதே, இவதான தெரிவா" என்று இன்னொருத்தி அந்தப் பருத்த பெண்ணைக் காட்டினாள். செல்வியும் சிரித்தாள். நீ வந்து இறங்கியபோது வெயில் ஏறியிருந்தது. பைக்கை நிறுத்தியதும் நீ சொன்ன முதல் வார்த்தை, "என்ன, மூஞ்சியெல்லாம் வேர்வை?" என்பது. அவள் "தொடச்சுக்கிறேண்ணே" என்றாள். பந்தலுக்கடியில் கையைத் தூக்கி ஒரே நிலையில் எவ்வளவு நேரம் நின்றாள்! கட்டெறும்பு காலில் ஏறியதை நான் தட்டிவிட்டேன். அவள் அசையவில்லை. உன் முதலாளி பார்த்து நின்ற படம் அதுதான். அவளுக்கு ஒரு பிரதி கொடுக்கிறேன் என்று அன்றைக்குச் சொன்னாய். கொடுக்கவில்லை.

அதற்கப்புறம் வைகாசியில் வைகை அணை. கல்யாணப் பெண் அலங்காரத்தில், அணைப் பூங்காவில், சாயங்கால வெளிச்சத்தில் சில படங்கள் என்று திட்டம் போட்டாய். அன்றைக்கு முகூர்த்த நாள். உன் அப்பா காலையிலேயே ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார், கவுண்டரை விட்டு நான் வர முடியாது. "நீ வேணாம்மா. மேக்கப் போடுற அக்காவை வழியில தேனியில ஏத்திக்கிறேன், அவங்க கூட இருப்பாங்க" என்றாய். முந்தின நாள் நான்தான் நம் ஸ்டுடியோவின் நகை செட்டைப் பையில் அடுக்கிச் செல்வி கையில் கொடுத்தேன். நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம், கழுத்து நிறைய. உன் பைக்கில் ஏற்றிப் போனால் யாராவது ஏதாவது பேசுவார்கள் என்று அவளைப் பஸ்ஸில் மத்தியானத்துக்குள் வரச் சொன்னதும் நீதான். "நான் வரும்போது முழுசா ரெடியா இரு, அக்கா டச்சப் மட்டும்தான் பண்ணுவாங்க, லைட்டு நிக்காது" என்றும் சொன்னாய். அவள் போய் இறங்கி, அங்கே இருந்த கழிப்பறையில் கண்ணாடி இல்லாமல் தானே அலங்காரம் செய்துகொண்டு, பூங்கா வாசலில் வந்து நின்றாள்.

அவளிடம் செல்போன் கிடையாது. மத்தியானம் தாண்டி, அங்கே இருந்த காசு போடும் போனில் ஸ்டுடியோவுக்குப் பேசினாள். "அம்மா, அண்ணன் கிளம்பிட்டாகளா?" உன் செல்லுக்கு அடித்தேன், அணைத்து வைத்திருந்தாய். வண்டி ஓட்டிக்கொண்டிருப்பாய் என்று நினைத்தேன். "காலையிலேயே கிளம்பிட்டான்மா. வந்துருவான், அங்கனயே இரு" என்றேன். ரொம்ப நேரம் கழித்து மறுபடி அடித்தாள். குரல் சின்னதாகியிருந்தது. "ஆளுக ஒரு மாதிரி பாக்குறாகம்மா." நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நகையைக் கழற்று, முகத்தைக் கழுவு, அடுத்த பஸ்ஸைப் பிடி என்று. நான் சொன்னது, "ஆள் நடமாட்டம் இருக்கிற இடமா பாத்து நில்லு. அவன் வந்துருவான்." என் மகன் ஒரு இடத்துக்கு வருகிறேன் என்றால் வருவான் என்று எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

இருட்டிய பிறகு நீ வந்தாய். தேனியில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்குப் படம் எடுக்க வேண்டிய உன் சிநேகிதனுக்குக் காய்ச்சலாம், காலையில் உன்னைக் கூப்பிட்டார்களாம், விட முடியவில்லையாம். "செல்வி?" என்றேன். "கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போயிருப்பாம்மா. இன்னொரு நாள் எடுத்துக்கலாம்" என்றாய். திட்டினேன். நீ குளிக்கப் போய்விட்டாய். மறுநாள் துணிக்கடையில் விசாரித்தேன், வேலைக்கு வரவில்லை என்றார்கள். சில நாளில் நகைப்பை ஒன்று குறையாமல் கடைக்காரர் மூலமாகத் திரும்பி வந்தது. அப்புறம் அவள் யாரோ பையனோடு போகப் பார்த்தாள், பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சு வந்தது. ஆவணியில் அவளுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது என்றார்கள். கதை என் காதுக்கு வந்து சேர்ந்தபோது அதில் இருந்து அணை உதிர்ந்துவிட்டிருந்தது. இப்படிப்பட்ட பிள்ளையா என்று நானும் நினைத்தேன், பிரபு. நானே நினைத்தேன்.

நீ கேட்டதற்காகப் போன வாரம் சுருளிப்பட்டிக்குப் போனேன். செல்வியின் அம்மா என்னை உள்ளே கூப்பிடவில்லை. குனிந்து பாத்திரம் துலக்கிக்கொண்டே, "அவ குமுளிக்கு மேல இருக்கா. எங்களுக்கும் அவளுக்கும் போக்குவரத்து இல்ல" என்றாள். எந்தத் தோட்டம் என்று மட்டும் சொன்னாள். மறுநாள் போனேன். மழை பெய்துகொண்டிருந்தது. தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்தில் கடைசி வீடு. செல்வி வயிற்றைத் தாங்கிக்கொண்டு எழுந்து வந்தாள். ஏழாம் மாதம். "வாங்கம்மா, கட்டஞ்சாயா போடுறேன், பால் இல்ல" என்றாள். ஒரு வருஷத்தில் அந்த மலையாளப் பேச்சும் வந்திருக்கிறது அவளுக்கு. புருஷனுக்கு வயது கூட. ராசுவுக்குப் பழக்கமானவன், முதல் தாரம் இறந்துபோனவன். அவன் அப்போது வேலைக்குப் போயிருந்தான். அவள் அவனைப் பற்றிக் குறை எதுவும் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று சொன்னாள். குடித்துவிட்டு வரும் நாளில், கதவைத் திறந்ததும் கேட்பானாம்: "என்னடி, ஒன் அணக்கட்டு மாப்பிள வந்தானா?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் தெரிந்தது. நீயும் தெரிந்துகொள். முகூர்த்த நாளில், முழுக் கல்யாணக் கோலத்தில், ஒரு பெண் வைகை அணை வாசலில் தனியாக நிற்கிறாள். பார்க்கிறவர்களுக்கு அது என்னவாகத் தெரியும்? வீட்டை விட்டு ஓடி வந்தவள், தாலி கட்ட வருகிறேன் என்றவன் வரவில்லை. வாசலில் இருந்த ஆள் முதலில் சிரித்துக்கொண்டுதான் கேட்டானாம், "என்னம்மா, மாப்பிள்ளை இன்னும் வரலையா?" என்று. போட்டோ எடுக்க வந்தேன் என்றாளாம். "அப்ப போட்டோக்காரன் எங்க?" என்றானாம். அப்புறம் பையன்கள் கூடி நின்று செல்போனில் படம் எடுத்தார்கள். அதற்கு அவள் சம்மதம் கேட்க யாரும் இல்லை. கல்யாணச் சாப்பாடு முடித்து அணை பார்க்க வந்த ஒரு வேனில் அவள் ஊர்க்காரர்கள் இருந்தார்கள். அவர்கள்தான் ராசுவைக் கூப்பிட்டார்கள். நகையைக் கழற்றிவிட்டு முன்னாலேயே பஸ் ஏறியிருக்கலாமே என்று கேட்டேன். என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "நீங்கதானம்மா வந்துருவான், அங்கனயே இருன்னு சொன்னீக? நான் போயிட்டு, அப்புறம் அண்ணன் வந்து பாத்துட்டு நான் இல்லைன்னா?"

மீதியையும் கேள். ராசு ஜீப்பில் வந்து அவளை ஏற்றிக்கொண்டான். அவள் நடந்ததை நடந்தபடி சொன்னாள். அவன் பாதி நம்பினான். தேனி வழியாகத் திரும்பி வரும்போது மண்டபத்து வாசலில் நம் ஸ்டுடியோ பெயர் எழுதிய உன் பைக் நிற்பதைப் பார்த்து ஜீப்பை நிறுத்தினான். மாலை வரவேற்பு நடந்துகொண்டிருந்தது. நீ வாசலில் மாப்பிள்ளை வீட்டாரை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தாய். அவன் உன்னிடம் வந்து கேட்டான். நீ என்ன சொன்னாய் என்று ராசு வாயாலேயே பிறகு கேட்டேன். "'எங்க செல்விய இன்னைக்கு அணைக்கு வரச் சொன்னியா'ன்னு கேட்டேன்க்கா. 'எந்தச் செல்வி? எனக்கு இன்னைக்கு இங்க ஆர்டருண்ணே, நான் எதுக்கு வரச் சொல்றேன்'னான்." இரண்டு வாக்கியம். பெரிய மனிதர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஜீப் டிரைவர் ஒருத்தன் வந்து தோளைத் தொட்டுக் கேட்கிறான், சீக்கிரம் அவன் போனால் போதும் என்று இருந்திருக்கும் உனக்கு. புரிகிறது. நீ சொல்லிவிட்டு மறுபடி கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டாய். அவன் ஜீப்புக்குத் திரும்பிப் போனபோது, செல்வி சொன்ன அத்தனையும் பொய்யாகியிருந்தது. போட்டோக்காரன் வரச் சொல்லவில்லை என்றால், அவள் வேறு யாருக்காக அப்படி அலங்கரித்துக்கொண்டு நின்றாள்? வீட்டுக்குப் போய் அடித்த அடியில் எல்லாம் அவன் அந்தப் பெயரைத்தான் கேட்டிருக்கிறான். இல்லாத ஒரு பெயரை அவள் எங்கிருந்து சொல்வாள்? அந்த நகைகூட நம்மிடம் வாடகைக்கு எடுத்தது என்று அவன் நினைத்துக்கொண்டானாம், மானத்துக்குப் பயந்து என்னிடம் கேட்க யாரும் வரவில்லை. அவள் கல்யாணத்தில் ஒரு போட்டோகூட எடுக்க விடவில்லையாம். கேமராவைக் கண்டாலே ராசுவுக்கு ஆகாதாம்.

நான் அந்தத் திராட்சைத் தோட்டத்துப் படத்தைப் பிரதி போட்டு எடுத்துப் போயிருந்தேன். வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "மடிப்பு நல்லா விழுந்துருக்கும்மா" என்றாள். பிறகு என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். "இத வீட்டுல வைக்க முடியாது." கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்து மெதுவாகக் கேட்டாள். "பிரபு அண்ணன் 'எந்தச் செல்வி'ன்னு கேட்டாகன்னு இவரு சொன்னாரு. அது மட்டும் நெசமாம்மா?" அவளே சொல்லிக்கொண்டாள், "கல்யாண வீட்ல அத்தன பேரு முன்னால கேட்டா என்ன செய்வாக, பாவம். நான் ஜீப்புக்குள்ள இருந்து கையக் காட்டுனேன். வெளிச்சம் இல்ல, தெரிஞ்சிருக்காது." பிரபு, சேலையின் ஒரு மடிப்பு கலைந்திருந்தால் எட்ட நின்றே கண்டுபிடிக்கிற கண் உன்னுடையது. கையைக் காட்டினாளாம். நீ பார்த்தாயா, பார்க்கவில்லையா என்பது உனக்குத்தான் தெரியும். எனக்கு அதைச் சொல்லாதே.

மலையில் இருந்து இறங்கியதும் கம்பம் ஜீப் ஸ்டாண்டில் ராசுவைப் பிடித்தேன். அவள் இரண்டு தடவை எனக்குப் போன் செய்தாள், நான்தான் நிற்கச் சொன்னேன், என் பையன் சொன்னது பொய் என்று சொன்னேன். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். "அன்னைக்கே இதச் சொல்லியிருந்தா அந்த ஆளுக்கு அவளக் கட்டி வச்சிருப்பேனாக்கா?" என்றான். அப்புறம், "நீங்க சொல்றது நெசம்னா, நான் செஞ்சதெல்லாம் என்னக்கா?" அந்தக் கேள்வியோடு இருக்க அவனுக்குப் பயமாக இருக்கிறது. அதனால் என் வார்த்தையை அவன் எடுத்துக்கொள்ள மாட்டான். மகனுடைய குற்றத்தை ஒரு தாய் ஏன் தானாக வந்து சொல்கிறாள், இதில் வேறு ஏதோ இருக்கிறது என்றுகூட நினைப்பான். கடைசியில் சொன்னான்: "அவன் வாயாலதான் இல்லைன்னான். அவன் வாயாலயே வந்து சொல்லட்டும், எங்க ஊர்ல, எங்க ஆத்தா முன்னால. அன்னைக்கே போயி அவளக் கூட்டியாரேன்." தலைப்பிரசவம், பிரபு. பிறந்த வீட்டில் இருந்து வளையல் போட்டு அழைத்துவர ஆள் போகவில்லை என்றால், அந்த லயத்தில், மழையில், அந்தக் கேள்வி கேட்கிற புருஷனோடு தனியாகத்தான் அவள் பெற்றெடுக்க வேண்டும். அவள் அம்மா திண்டாடுகிறாள். அன்று பாத்திரம் துலக்கும்போது என்னை ஏறிட்டுப் பார்க்காததற்குக் காரணம் கோபம் என்று நினைத்தேன். அழுதிருக்கிறாள்.

உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "அன்னைக்கு அவன் அந்தக் கல்யாணத்த விட்டுட்டு அணைக்குப் போயிருந்தா நானே திட்டியிருப்பேன்" என்றார். அதுதான் உண்மை. ஆனால் ஒன்று எனக்கு விளங்கவில்லை. அன்று காலையில், தேனியில் இருந்து வர வேண்டிய மேக்கப் அக்காவை நீ மறக்காமல் கூப்பிட்டு, வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாய். அந்த அக்காவே என்னிடம் சொன்னாள். அவளோடு உனக்கு நாளைக்கும் வேலை இருக்கிறது. செல்விக்குச் சொல்ல எனக்கு ஒரு போன் போட்டால் போதும், நான் ஆள் அனுப்பியாவது அவளை வீட்டில் இருந்து கிளம்ப விட்டிருக்கவே மாட்டேன். யாருக்குச் சொல்ல வேண்டும், யாருக்குச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று உன் மனது அந்தக் காலை நேரத்தில் கணக்குப் போட்டிருக்கிறது. நேரம் தவறுவது எல்லோருக்கும் நடக்கும். அந்தக் கணக்குத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

சென்னையில் மாடல்கள் தாமதமாக வருகிறார்கள் என்று நீ புலம்பினாய். அவர்கள் வராவிட்டால் உனக்கு விளக்கு வாடகை போகும், முதலாளி முகம் சுளிப்பார். நீ வராவிட்டால் அவர்களுக்கு என்ன போகும் என்று உனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் யாரையும் வரச் சொல்லாதே. கேமராவுக்கு முன்னால் நிற்கிறவளுக்குத் தன்னைப் பார்க்க முடியாது. நீ மட்டும்தான் அவளைப் பார்க்கிறாய். முகவாயைத் தூக்கு என்றால் தூக்குகிறாள், அந்தப் பக்கம் திரும்பு என்றால் திரும்புகிறாள். எப்படித் தெரிகிறோம் என்று அவளுக்குத் தெரியாது, உன் பேச்சை நம்பி நிற்கிறாள். அந்த நம்பிக்கை கேமராவை மூடியதும் முடிந்துவிடுவதில்லை. அவளுக்கு முன்னால் நீ போய் நில். உடை மாற்ற மறைவிடம் இருக்கிறதா என்று பார். வர முடியாவிட்டால் வர முடியாது என்று அவள் காதில் விழும்படி சொல். கொடுக்கிறேன் என்ற பிரதியைக் கொடு. யாராவது வந்து இவளை நீ வரச் சொன்னாயா என்று கேட்டால், எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தாலும், ஆமாம் என்று சொல். இதற்கெல்லாம் பெரிய படிப்பு வேண்டாம். நான் தூக்கிக்கொண்டு அலைந்த அந்தப் பழைய போர்வை அளவுக்குத்தான்.

செல்வி சென்னைக்கு வரமாட்டாள். உன் முதலாளியிடம் சொல்லிவிடு, என்ன காரணம் என்றும் சொல். அந்தப் படத்தை உன் ஆல்பத்தில் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை அவளைக் கேட்டுத் தெரிந்துகொள். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் தேனி பஸ் ஸ்டாண்டில், சென்னை பஸ் வந்து நிற்கும் இடத்தில் நான் நிற்பேன். அங்கிருந்து இரண்டு பேருமாகச் சுருளிப்பட்டிக்குப் போவோம். பேச வேண்டியது நீ. நான் பக்கத்தில் நிற்பதோடு சரி. அன்றைக்கு வேறு ஆர்டர் வரலாம். வரும், அது முகூர்த்த நாள், காலண்டரில் பார்த்துவிட்டேன்.

ராசுவிடமோ அவன் அம்மாவிடமோ செல்வியிடமோ ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. நீ வந்துவிடுவாய் என்று இந்தத் தடவை நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

அம்மா